வாலன்ஸ்டைனால் ஸ்ட்ரால்சுண்டை ஏன் பிடிக்க முடியவில்லை?

நீங்கள் கேட்டது இது: 1628இல், முப்பதாண்டுப் போரின் நடுவே, புனித ரோமப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன் வட ஜெர்மனி முழுவதையும் ஏறக்குறைய கையில் வைத்திருந்தார். டென்மார்க் மன்னரைத் தீவுகளுக்கு விரட்டியாகிவிட்டது. அப்படியிருக்க, பால்டிக் கரையில் ஸ்ட்ரால்சுண்ட் என்ற ஒரு வணிக நகரத்தை அவரால் ஏன் பிடிக்க முடியவில்லை? கோட்டை அவ்வளவு பலமானதா, இல்லை ஸ்வீடன் வந்து காப்பாற்றியதா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நகரம் விழுந்திருக்குமா? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு துறைமுக நகரத்தின் தலைவிதியை முடிவு செய்வது மதிலா, கடலா? கல்லூரியில் பல ஆண்டுகள் ஐரோப்பிய வரலாறு எடுத்தவன், முற்றுகைப் போர்களை விரும்பிப் படித்தவன் என்ற முறையில் என் பதில்: கடல். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விட்டால் பாதிதான் சரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முற்றுகையைப் பற்றி இரண்டு புத்தகங்களை எடுத்தால் தேதிகள் பத்து நாள் முன்பின்னாக இருக்கும். குழம்ப வேண்டாம். ஸ்ட்ரால்சுண்ட், டென்மார்க், ஸ்வீடன் மூன்றும் பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தன. பேரரசர் தரப்பு புதிய கிரிகோரியன் நாள்காட்டியில் இருந்தது. நான் தருவது புதிய கணக்கு. இன்னொன்று, ஸ்வீடிஷ் மொழி எனக்குத் தெரியாது. அந்தத் தரப்பை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வந்தவற்றின் வழியாகத்தான் அறிவேன்.

முடிந்தால் வரைபடத்தில் ஸ்ட்ரால்சுண்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பழைய நகரம் இன்றும் அதே வடிவத்தில் இருக்கிறது. 2002இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் கடல், அதாவது நிலப்பகுதிக்கும் ரூகன் தீவுக்கும் நடுவே ஓடும் நீரிணை. மற்றப் பக்கங்களில் பெரிய ஏரிகள். ஆக, நகரம் தண்ணீருக்கு நடுவே கிடக்கும் ஒரு முக்கோணத் திட்டு. உள்ளே போக வேண்டுமானால் ஏரிகளுக்கு இடையே உள்ள குறுகிய வழிகள்தான். அவை ஒவ்வொன்றும் ஒரு வாயிலில் போய் முடியும். வடக்கே க்னீப்பர் வாயில், மேற்கே ட்ரிப்ஸே வாயில், தெற்கே ஃபிராங்கன் வாயில்.

அந்தக் காலத்து முற்றுகை என்பது பெரும்பாலும் மண்வெட்டி வேலை. பீரங்கிக்கு நேர் எதிரே நடந்து போக முடியாது. ஆகவே வளைந்து வளைந்து பள்ளம் வெட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே நகர்ந்து மதிலை நெருங்குவார்கள். பள்ளத்தின் முனையில் பீரங்கி மேடு போட்டு மதிலை உடைப்பார்கள். அகலமான நிலம் கிடைத்தால் நாலைந்து இடத்தில் ஒரே நேரத்தில் பள்ளம் வெட்டலாம். எதிரி எங்கே காவல் போடுவது என்று தெரியாமல் திண்டாடுவான். ஸ்ட்ரால்சுண்டில் அது நடக்காது. ஏரிக்குள் பள்ளம் வெட்ட முடியாது. தாக்குகிறவன் எந்த வழியாக வருவான் என்பது உள்ளே இருப்பவனுக்கு முன்பே தெரியும். நகரத்தின் உண்மையான அரண் இந்த ஏரிகள்தான். மதில் பெரும்பாலும் பழைய காலத்துச் செங்கல் மதில். அதற்கு முன்னால் புதுப் பாணியில் எழுப்ப வேண்டிய மண் கொத்தளங்கள் எல்லா இடத்திலும் முடிந்திருக்கவில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: கோட்டை நடுத்தரம், இடம் பிரமாதம்.

சண்டை எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொமரேனியாவின் கோமகன் பதினான்காம் போகிஸ்லாவ், வேறு வழியில்லாமல் 1627 நவம்பரில் ஃபிரான்ஸ்பர்க்கில் ஒரு உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். பேரரசரின் படைகளைத் தன் நாட்டில் தங்கவைத்துச் சோறுபோட வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்ட்ரால்சுண்ட் பெயருக்கு அவருடைய நகரம். உண்மையில் ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் பழைய உறுப்பினர், தன் விவகாரத்தைத் தானே பார்த்துக்கொண்டு பழகிய ஊர். காசு வேண்டுமானால் பேசலாம், சிப்பாய்கள் உள்ளே வரக்கூடாது என்றது. ஒரு படையை ஊருக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதை அக்கம்பக்கத்து ஊர்களில் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மேலோட்டமான நூல்கள் தாண்டிப் போய்விடும். நகரம் ஒரே மனதாக இல்லை. நகர மன்றத்தில் இருந்த பெரிய வணிகர்கள் பலர் எப்படியாவது பேசி முடிக்கலாம் என்று பார்த்தார்கள். கைவினைஞர்களும் சாதாரணக் குடிமக்களும் விடவில்லை. அவர்கள் சார்பில் நூறு பேர் கொண்ட ஒரு குழு மன்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணித்தது. பேரரசரின் காவல்படையை ஏற்பதில்லை என்று 1628 ஏப்ரலில் குடிமக்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். மேயர்களில் ஒருவரான லாம்பர்ட் ஸ்டைன்விக் அந்த உறுதியின் பக்கம் நின்றார். மன்றம் மட்டும் தனியாக முடிவெடுத்திருந்தால் வாயில் திறந்திருக்கும் என்பது என் கருத்து. இது நிரூபிக்கக்கூடியதல்ல. ஆனால் முற்றுகை உச்சத்தில் இருந்தபோது மன்றம் மறுபடி பேச்சுவார்த்தைக்குச் சாய்ந்ததையும், மக்கள் தடுத்ததையும் பார்த்தால் வேறு முடிவுக்கு வர எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி கடலுக்கு வருகிறேன். துறைமுகத்துக்கு எதிரே, நீரிணைக்குள், டென்ஹோல்ம் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. வாலன்ஸ்டைனின் தளபதி ஹான்ஸ் கேயார்க் ஃபான் ஆர்னிம் முதலில் கைவைத்தது நகர மதிலில் அல்ல, அந்தத் தீவில்தான். 1628 பிப்ரவரியில் திடீரென்று ஆட்களை இறக்கி அங்கே அரண் கட்டத் தொடங்கினார். அங்கே பீரங்கி ஏறிவிட்டால் துறைமுக வாசலில் கப்பல் வந்துபோவது அவர் தயவில். ஆர்னிமுக்கு விஷயம் புரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நகரத்தாருக்கும் புரிந்திருந்தது. அவர்கள் தீவைத் தாக்கிப் பிடிக்க அவசரப்படவில்லை. தங்கள் படகுகளையும் கப்பல்களையும் கொண்டு தீவைச் சுற்றிவளைத்து, உணவு போகாமல் செய்தார்கள். ஏப்ரலில் தீவில் இருந்தவர்கள் பசி தாங்காமல் பேசி வெளியேறினார்கள். நகரத்தை முற்றுகையிட வந்த படையின் ஒரு பகுதியை நகரமே முற்றுகையிட்டுப் பட்டினி போட்டது. மே மாதம் பெரிய முற்றுகை தொடங்குவதற்கு முன்பே, இந்தச் சின்னத் தீவில் போரின் முடிவு பாதி எழுதப்பட்டுவிட்டது என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன்.

பேரரசரிடம் கப்பல் இல்லை என்பதுதான் வேர். வாலன்ஸ்டைனுக்கு அந்த ஆண்டு 'பெருங்கடல், பால்டிக் கடல் ஆகியவற்றின் தளபதி' என்ற பட்டமே கிடைத்தது. பால்டிக்கில் ஒரு கடற்படை உருவாக்க வேண்டும், அதற்கு ஸ்பெயினின் உதவியும் ஹன்சா நகரங்களின் கப்பல்களும் வேண்டும் என்று திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஹன்சா நகரங்கள் கப்பல் தர மறுத்தன. விஸ்மார் துறைமுகத்தில் கப்பல் சேர்க்கும் வேலை தொடங்கியிருந்தது. அது சண்டைக்கு உதவும் அளவுக்கு வளரவில்லை. ரூகன் தீவிலும் பேரரசரின் படை இருந்தது. இருந்தும் பயனில்லை. நீரிணையின் இரு கரையும் கையில் இருந்தாலும், நடுவே உள்ள தண்ணீரை மூடக் கப்பல் வேண்டும். அந்தக் காலத்துக் கரைப் பீரங்கியால் கப்பலுக்குத் தொந்தரவு கொடுக்கலாம், போக்குவரத்தை நிறுத்த முடியாது.

திறந்திருந்த அந்த வழியாகத்தான் எல்லாம் உள்ளே வந்தது. டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் முதலில் ஆள் அனுப்பினார். தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது இவர் காலத்தில்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் செய்தது இவருடைய ஆட்கள். ஸ்ட்ரால்சுண்டுக்குக் கிறிஸ்டியன் அனுப்பியவர்களில் முக்கியமானவர்கள் மெக்கே படைப்பிரிவைச் சேர்ந்த ஸ்காட்லாந்துக் கூலிப்படையினர். ஸ்வீடனின் குஸ்தாவ் அடால்ஃப் அப்போது போலந்தோடு போரில் இருந்தார். அவர் முதலில் வெடிமருந்து அனுப்பினார், பிறகு சில நூறு வீரர்கள், பிறகு அலெக்சாண்டர் லெஸ்லி என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரைத் தளபதியாக. டென்மார்க்கும் ஸ்வீடனும் பால்டிக்கில் பரம்பரை எதிரிகள். அவர்கள் இருவரும் ஒரே மதிலில் நின்றது வாலன்ஸ்டைன் கடலுக்கு வந்துவிடக் கூடாது என்ற பயத்தால்.

இந்த ஸ்காட்லாந்துக்காரர்களில் ராபர்ட் மன்றோ என்ற அதிகாரி, பின்னாளில் 1637இல், தன் அனுபவங்களை அச்சில் வெளியிட்டார். அவர் நின்ற இடம் ஃபிராங்கன் வாயில். நகரத்தின் மிகப் பலவீனமான பகுதி அதுதான் என்கிறார். வெளியே இருந்த அரண்கள் அரைகுறை. ஆறு வாரம் காவலிடத்தை விட்டு நகர அனுமதி இல்லை, உள்ளாடை மாற்றுவதற்குத் தவிர உடம்பிலிருந்து உடையைக் கழற்றவில்லை என்று எழுதுகிறார். பகலில் காவல், இரவில் மண் சுமந்து உடைந்த இடத்தை அடைப்பது, எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் காவலிடத்திலேயே தூக்கம். வாலன்ஸ்டைன் நேரில் வந்து சேர்ந்ததும் (பழைய கணக்கில் ஜூன் கடைசி, புதிய கணக்கில் ஜூலை முதல் வாரம்) இரவுத் தாக்குதல்கள் அடுத்தடுத்து இந்த வாயில் மீதுதான் பாய்ந்தன. வெளி அரண்கள் கைமாறின, திரும்ப மீட்கப்பட்டன. மன்றோவுக்கும் காயம். தன் பிரிவில் 900 பேரில் 500 பேர் செத்தார்கள், 300 பேர் காயப்பட்டார்கள் என்று அவர் கணக்குச் சொல்கிறார். இது ஒரு தரப்பு அதிகாரி தன் ஆட்களின் பெருமையைச் சொல்ல எழுதிய நூல் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் தன் ஆட்களின் சாவைத் தானே எண்ணியவர் என்பதால் இந்த எண்ணை நான் ஓரளவு நம்புகிறேன். வாலன்ஸ்டைன் 12,000 பேரை இழந்தார் என்று பழைய நூல்களில் வருவதை அப்படி நம்பவில்லை. அது எதிர்த்தரப்பு பரப்பிய எண். முகாமில் நோயால் இறந்தவர்கள், சம்பளம் இல்லாமல் ஓடிப்போனவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் மிகை என்றே படுகிறது.

அதேபோல, 'இந்த நகரத்தை வானத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாலும் கீழே இறக்குவேன்' என்று வாலன்ஸ்டைன் சூளுரைத்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் எழுதிய கடிதங்களில் இல்லை. அவருடைய எதிரிகளின் வாயில்தான் இது வளர்ந்தது. அவருடைய கோபம் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஸ்ட்ரால்சுண்ட் இன்றும் ஜூலையில் அவர் பெயரால் ஒரு விழா எடுக்கிறது. அங்கே இந்தக் கதை உயிரோடு இருக்கும்.

மழை பற்றியும் கேட்பார்கள். ஜூலையில் அடைமழை பெய்தது, பள்ளங்களில் தண்ணீர் நின்றது, பீரங்கி மேடுகள் சேறாயின. இது உறுதி. ஏரிகளுக்கு நடுவே உள்ள தாழ்ந்த நிலத்தில் முகாம் போட்ட படைக்கு அது பெரிய அடி. ஆனால் மழைதான் நகரத்தைக் காப்பாற்றியது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. உள்ளே புது ஆட்களும் வெடிமருந்தும் வாரந்தோறும் வந்துகொண்டிருக்க, வெளியே இருப்பவன் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தான். வெயில் அடித்திருந்தாலும் கணக்கு அதேதான். பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றி வெளியே அனுப்பக்கூட நகரத்தால் முடிந்தது. வாயைக் குறைத்து, போராடும் கையைக் கூட்டிக்கொள்ளும் நகரத்தை எப்படிப் பட்டினி போடுவது? ஜூலை கடைசியில் முற்றுகை தளர்ந்து, ஆகஸ்ட் தொடக்கத்தில் படை விலகியது.

சரி, இது ஒரு நகரத்தின் ஒரு தடவைக் கதைதானே, இதை வைத்து 'கடல்தான் காரணம்' என்று எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வேளையாக, அதே ஸ்ட்ரால்சுண்ட் பின்னாளிலும் பெரிய முற்றுகைகளைச் சந்தித்தது. அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு முறையும் விழுந்தது. இரண்டு முறையும் மதில் 1628ஐவிட எவ்வளவோ பலம், ஏனென்றால் ஸ்வீடன் பல பத்தாண்டுகள் பணம் கொட்டிக் கோட்டையை நவீனமாக்கியிருந்தது. 1678இல் பிராண்டன்பர்க்கின் ஃபிரெடெரிக் வில்லியம் வந்தார். டென்மார்க்கின் கடற்படை அவர் பக்கம். செப்டம்பரில் இரு தரப்பும் சேர்ந்து ரூகன் தீவில் இறங்கிப் பிடித்தார்கள். நகரம் தனித்துப் போனது. அக்டோபரில் எரிகுண்டுகளைப் பொழிந்ததில் ஊரின் பெரும்பகுதி எரிந்து, சில நாட்களுக்குள் ஸ்வீடிஷ் தளபதி கோனிக்ஸ்மார்க் சரணடைந்தார். வென்ற நகரத்தை அடுத்த ஆண்டே பிரான்ஸின் வற்புறுத்தலால் ஸ்வீடனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

1715இல் இன்னும் தெளிவு. இப்போது உள்ளே இருந்தவர் ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்ல்ஸ். துருக்கியிலிருந்து குதிரையில் ஐரோப்பாவைக் கடந்து முந்தைய நவம்பரில் வந்து சேர்ந்திருந்தார். வெளியே பிரஷ்யா, டென்மார்க், சாக்சனி. நவம்பரில் கூட்டுப் படை டென்மார்க் கப்பல்களின் துணையோடு ரூகனில் ஸ்ட்ரேசோ என்ற இடத்தில் இறங்கியது. சார்ல்ஸுக்கு ஆபத்து புரிந்ததால் இரவோடு இரவாக நேரில் போய்த் தாக்கினார். தோற்று, காயத்தோடு திரும்பினார். தீவு போன பிறகு, நகரம் கிறிஸ்துமஸ் வரைதான் தாங்கியது. சார்ல்ஸ் கடைசி நேரத்தில் படகில் தப்பினார். 1628, 1678, 1715 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவை மாற்றியது மதில் அல்ல, டென்மார்க்கின் கப்பல்கள் எந்தப் பக்கம் நின்றன என்பதுதான்.

பிற துறைமுகங்களிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. 1577இல் போலந்து மன்னர் ஸ்டீஃபன் பாத்தோரி டான்சிக்கை (இன்றைய கிதான்ஸ்க்) முற்றுகையிட்டார். திறந்தவெளிப் போரில் டான்சிக்கின் படையை அவர் நொறுக்கியிருந்தார். ஆனால் ஆற்றின் முகத்துவாரக் கோட்டையையும் கடலையும் மூட முடியவில்லை. கடைசியில் டான்சிக் அவரை மன்னராக ஏற்றது, 2,00,000 ஸ்லோட்டி கொடுத்தது, தன் உரிமைகளைத் தக்கவைத்துக்கொண்டது. 1621இல் ரீகா அப்படித் தப்பவில்லை. குஸ்தாவ் அடால்ஃப் கப்பல்களோடு டவுகாவா ஆற்றின் வாய்க்கே வந்தார். உதவி வர வேண்டிய போலந்து-லித்துவேனியப் படையின் முக்கியப் பகுதி அப்போது தெற்கே கோதினில் துருக்கியர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தது. சில வாரங்களில் நகரம் வீழ்ந்தது. 1710இல் அதே ரீகாவை ரஷ்யர்கள் எடுத்தபோது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் பீரங்கி மேடுகளும் தடைகளும் போட்டு ஸ்வீடிஷ் கப்பல்களை மறித்தார்கள். உள்ளே கொள்ளைநோய் மீதியைச் செய்தது.

ஸ்வீடன் காப்பாற்றியதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, முதல் அடியைத் தாங்கியதில் டென்மார்க்கின் பங்கு அதிகம் என்பேன். பெயரையும் பலனையும் எடுத்துக்கொண்டது ஸ்வீடன். நகரம் குஸ்தாவ் அடால்ஃபோடு 20 ஆண்டு உடன்படிக்கை செய்தது. ஜெர்மன் மண்ணில் ஸ்வீடனின் படை முதன்முதலாகக் கால் ஊன்றியது அங்கேதான். 1630இல் அவர் பெரும்படையோடு பொமரேனியக் கரையில் இறங்கியபோது, பின்பலமாக ஸ்ட்ரால்சுண்ட் ஏற்கெனவே கையில் இருந்தது. 1648 அமைதி உடன்படிக்கை அந்தப் பகுதியை ஸ்வீடனுக்கே கொடுத்தது. நடுவில் சில ஆண்டுகள் தவிர 1815 வரை ஸ்ட்ரால்சுண்ட் ஸ்வீடனின் நகரமாகவே இருந்தது. வெளிப்படையை உள்ளே விடமாட்டோம் என்று உயிரைக் கொடுத்துப் போராடிய மக்கள், அந்தப் போராட்டத்தில் வெல்லவே இன்னொரு வெளிப்படையை உள்ளே விட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, பொறுத்திருந்தால் விழுந்திருக்குமா? குளிர்காலம் வந்தால் நீரிணை உறையக்கூடும், கப்பல் வராது என்ற வாதத்தைச் சிலர் வைப்பார்கள். ஆனால் அதுவரை படை எதைத் தின்னும்? பொமரேனியாவை ஏற்கெனவே சுரண்டி முடித்தாகிவிட்டது. அதைவிட முக்கியம், கடலை வைத்திருப்பவன் இன்னொரு இடத்தில் இறங்குவான். அதுதான் நடந்தது. முற்றுகை விலகிய சில நாட்களிலேயே கிறிஸ்டியன் தென்கிழக்கே வோல்காஸ்டைப் பிடித்தார். வாலன்ஸ்டைன் பாய்ந்து போய் செப்டம்பர் 2ஆம் தேதி அவரை அங்கே நொறுக்கினார். தரையில் அவரை எதிர்க்க ஆளில்லை என்பது அன்று மறுபடி தெரிந்தது. ஆனால் கிறிஸ்டியனும் மிஞ்சியவர்களும் கப்பலேறித் தங்கள் தீவுகளுக்குப் போய்விட்டார்கள். துரத்திப் போக வாலன்ஸ்டைனிடம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு லூபெக்கில் சமாதானம் பேசியபோது, ஜெர்மன் விவகாரங்களில் இனித் தலையிடுவதில்லை என்ற வாக்குறுதிக்கு ஈடாக, இழந்த நிலப்பகுதிகளைக் கிறிஸ்டியனுக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று பேரரசரிடம் வலியுறுத்தியவர் வாலன்ஸ்டைன்தான்.